தோள்வார் வளையம்

இன்று பார்க்கர் என்ற துப்பாக்கிக் கம்பெனியின் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றின் படங்கள் கண்ணில் பட்டன. அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்து மெரிடனில் செய்தது.

குழல்களுக்கு அடியில் ஒரு சின்ன வளையம். தோள்வார் மாட்ட.

ஜெர்மனி, ஆஸ்திரியா துப்பாக்கிகளில் இது சாதாரணம். காட்டிலும் மலையிலும் நாளெல்லாம் தோளில் போட்டு நடப்பார்கள். பார்க்கரில் அபூர்வம், கேட்டு வாங்கினால்தான் உண்டு.

சரி, தொழிற்சாலையில் வைத்ததா, அப்புறம் யாரோ பற்றவைத்ததா? பற்றுவைத்த விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈயம் வழிந்த தடம் இல்லை. சுற்றிலும், துருப்பிடிக்காமல் இருக்க இரும்புக்குக் கொடுக்கும் நீலப்பூச்சு ஒரே சீராக மங்கியிருக்கிறது. வளையம் ஆடி ஆடி உரசிய இடத்தில் மட்டும் இரும்பு பளிச்சென்று தெரிகிறது. அப்புறம் ஒட்டியதாகத் தோன்றவில்லை.

பார்க்கரின் ஆர்டர் புத்தகங்கள் பல இன்றும் இருக்கின்றன. வரிசை எண்ணை வைத்துத் தேடினால், யாரோ கேட்டு வாங்கிய அந்த வளையம் ஒரு வரியாகக் கிடைக்கலாம்.

இதைப் போய் அழகு கெடுகிறதென்று கழற்றி மெருகு போடுகிறார்களே, அதைத்தான் மனசு ஏற்கவில்லை.