அணியத்துக்கு ஒரு நங்கூர ரோலர்

மார்ச் 2
நங்கூரக் கயிறு உரசி உரசி, படகின் முன்முனையான அணியத்தின் விளிம்பில் ஃபைபர் பெயரத் தொடங்கிவிட்டது. கயிறு உரசாமல் உருண்டு ஓடக் கடையில் விற்கும் ரோலர் எதுவும் இந்தக் கூர்முனையில் ஒட்டி உட்காராது. நாமே வரைந்து பட்டறையில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

மார்ச் 5
அளவு டேப்பை மட்டும் நம்பி வரைய முடியாத இடம் இது. மேல்தளம் முன்னால் ஏறுகிறது, இரண்டு பக்கமும் சரிகிறது. முதலில் அட்டையில் வெட்டி மடித்துப் பார்த்தேன், அப்புறம் பிளைவுட்டில். நங்கூரத்தையே அதில் தொங்கவிட்டேன். அதன் கூர் படகில் இடிக்காத அளவுக்கு ரோலர் வெளியே நீள வேண்டும். ஆனால் நீள நீள போல்ட்டுகளை நெம்பும் விசையும் கூடும்.

மார்ச் 9
உலோகம் 316எல் ஸ்டெயின்லெஸ். சாதாரண ஸ்டெயின்லெஸ் வகையான 304இல் இல்லாத மாலிப்டினம் என்ற உலோகம் இதில் 2 முதல் 3 சதவீதம் இருப்பதால், உப்புநீர் போடும் புள்ளி அரிப்பை நன்றாகத் தாங்கும். ‘எல்’ என்றால் கார்பன் 0.03 சதவீதத்துக்குள். கார்பன் கூடினால் வெல்டிங் சூட்டில் அது குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும், வெல்டை ஒட்டிய இடம் அரிக்கத் தொடங்கும். அலுமினியம் எடை குறைவுதான். ஆனால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டோடு கடல்நீரில் நனைந்தால் கரைவது அலுமினியமே.

மார்ச் 14
இன்று முழுக்க பக்கத் தகடுகள்தான். நேராக வரும் இழுப்பை எந்தத் தகடும் தாங்கும். காற்று திரும்பி, படகு சுழன்று, கயிறு பக்கவாட்டில் இழுக்கும்போதுதான் தகடு மடங்குகிறது. அதனால் 5 மி.மீ. தகடு, மேல் ஓரத்தை வெளிப்புறமாக வளைத்து, விளிம்பு நெடுக உருண்டைக் கம்பி வெல்டிங். வளைத்த ஓரம் விறைப்பைக் கொடுக்கும், கம்பி கயிற்றை அறுக்காது. அலையில் கயிறு எகிறி வெளியே விழாதிருக்க மேலே குறுக்கே ஒரு பின்.

மார்ச் 20
பட்டறை. இரண்டு விஷயங்களை விடாமல் சொன்னேன். விட்டுவிட்டு வெல்டிங் வேண்டாம், இடைவெளியில் தேங்கும் உப்புநீரில் ஆக்சிஜன் குறைந்து உள்ளுக்குள்ளேயே அரிக்கும். சாதா இரும்பு பிரஷ் படவே கூடாது, அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். வெல்டிங் கருப்பை அமிலப் பசை போட்டு எடுத்துவிட்டார்கள். அடித்தட்டில் தண்ணீர் வடிய ஓட்டையும் போட்டாயிற்று.

மார்ச் 27
பொருத்தியாயிற்று. மேல்தளத்தின் ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே மரம் இருப்பதால் துளைகளைப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸி பிசின் நிரப்பி, இறுகியபின் மறுபடி துளைத்தேன். இனி நீர் மரத்துக்குள் போகாது. தளத்துக்கு அடியில் அகலமான தகடு, ரோலருக்கும் தளத்துக்கும் நடுவில் நீர் கசியாதிருக்க பியூட்டைல் டேப் என்ற ஒட்டும் ரப்பர் நாடா. டேப் அமுங்க அமுங்க போல்ட் தளரும், ஆகவே சில நாள் கழித்து மறுபடி முறுக்க வேண்டும்.