யங்கின் மட்டுப் பரிசோதனையில் இல்லாத மணிக்கூடு

பௌதிக ஆய்வுகூடத்துக் கூரை வளையில் இரண்டு கம்பிகளைத் தூக்கி, அரைக் கிலோ நிறைகளாகக் கூட்டி, வேணியரை வாசித்தது உயர்தரத்தில் படித்த நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் வாசிப்பு ஒன்றாக வந்தால் பரிசோதனை சரி. அட்டவணையில் நேரத்துக்கு நிரல் கிடையாது. அறை வெப்பநிலையில் உருக்குக் கம்பிக்கு அது தேவையுமில்லை.

அதே வளையில் ஈயப்பற்றுக் கம்பியைத் தூக்கியிருந்தால் கதை வேறு. 183 பாகை செல்சியசில் உருகத் தொடங்கும் கலப்புலோகத்துக்கு 30 பாகையே கடும் வெயில். போதிய நிறை கட்டிவிட்டுப் போனால் மறுநாள் நீண்டிருக்கும். பிறகொரு நாள் அறுந்து கிடக்கும். நிறை கூடவில்லை, நேரம்தான் கூடியது. இதுதான் கிறீப். உருகுநிலையைக் கெல்வினில் எழுதி அதன் 0.4 பங்கைத் தாண்டினால் மணிக்கூடும் வேண்டும் என்பது பருமட்டான கணக்கு.

அந்த எல்லையைத் தாண்டிய சூட்டில் சுழலும் விமான எஞ்சினின் டர்பைன் அலகுகளுக்கு (தகடுபோன்ற இறக்கைகளுக்கு) நிக்கல் கலப்புலோகம். அலுமினியத்தோடு சேர்ந்து உண்டாகும் நுண்ணிய கட்டிகள் மணிகளின் (உலோகத்தை ஆக்கும் சிறு பளிங்குகளின்) உட்புறத்தை இறுக்கிப் பிடிப்பதால், பலவீனம் மணிகள் ஒன்றோடொன்று தொடும் எல்லைகளில் போய் நிற்கும். இழுவைக்குக் குறுக்கே கிடக்கும் எல்லைகளில் நுண்குழிகள் முளைத்து, ஒன்று சேர்ந்து வெடிப்பாகும். தகைப்பு, அதாவது பரப்பளவுக்கான விசை, அதிகமானால் மூன்று மணிகள் சந்திக்கும் மூலை ஆப்பு வடிவில் கிழியும். இப்படி உடைந்த முனை பெரும்பாலும் கழுத்துப்போல் ஒடுங்காது. உடைத்த கற்கண்டுபோல் முகம் முகமாகத் தெரியும். ஈயமும் பிஸ்மத்தும் மில்லியனில் சில பங்கு கலந்தாலே எல்லை கெடும், போரானோ 0.01 சதவீதம் அளவிலேயே அதைப் பலப்படுத்தும். எல்லையே வேண்டாமென்று ஒற்றைப் பளிங்காக வார்த்த அலகுகள் 1980களில் பயணிகள் விமானங்களுக்கு வந்தன.

இதை அளக்கும் கிறீப் சோதனை, பார்வைக்கு நம் பழைய கம்பிப் பரிசோதனைதான்; கம்பிக்குப் பதில் உலைக்குள் ஒரு கோல், கூடவே மணிக்கூடு. 6.4 மில்லிமீற்றர் விட்டமுள்ள கோலில் 300 மெகாபஸ்கால் தகைப்பு வர, 20க்கு 1 நெம்பின் தட்டில் ஏறக்குறைய 49 கிலோ வைக்க வேண்டும். நிறையில் பிழைவிடுவோர் குறைவு. காலை வாருவது வெப்பநிலை. வெப்பநிலையையும் அறும் நேரத்தையும் இணைக்கும் லார்சன்-மில்லர் சூத்திரத்தில் மாறிலியை 20 என்று வைத்தால், 760 பாகையில் 1000 மணித்தியாலம் தாங்கும் கோல் 770இல் சுமார் 600, 780இல் சுமார் 365 மணித்தியாலத்தில் அறும். வெப்பநிலையை அளக்கும் வெப்பவிணையின் முனை கோலைத் தொடாமல் விலகி நின்றால் உலைச்சுவரின் கதிர்வீச்சை வாங்கிக் கூடுதலாகக் காட்டும். உண்மையில் கோல் குளிர்ந்திருக்கும். மட்டமான உலோகமும் நல்ல பெயர் வாங்கிவிடும். முனையை இறுகக் கட்டி, மேலே மறைப்பும் சுற்ற வேண்டும்.

கோல் அறுந்ததும் தட்டு விழுந்து அடியிலுள்ள சுவிட்சை அமுக்க, மணிக்கூடும் உலையும் நிற்கும். சுவிட்ச் சிக்கிக்கொண்டு, உடைந்த துண்டு வார இறுதி முழுவதும் உலையிலேயே வெந்தால் முகத்தில் ஒட்சைட்டு படர்ந்து ஒன்றும் வாசிக்க முடியாது. பிறகு கோலை நீளவாட்டில் அறுத்து, மினுக்கி, உடைவுக்குச் சற்றுப் பின்னால் நுணுக்குக்காட்டியில் தேட வேண்டியதுதான். உடையாமல் தப்பிய குறுக்கு எல்லைகளில் குழிகள் வரிசையாக இருக்கும்.