மஞ்சள் படிந்த கை

மகள் 29 வாரத்தில் பிறந்தாள். எடை 1,120 கிராம்.

எனக்கு ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் வேலை. நகக்கண்ணில் ஏறிய மஞ்சள் எத்தனை சோப்புக்கும் போகாது. அந்தக் கையோடு எட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். கிருமி தொற்றும் என்று தொட விடவில்லை. அந்த வருத்தம் இன்றும் ஆறவில்லை.

ஒன்பதாம் நாள் வேறொரு செவிலியர் முழங்கை வரை கழுவி வரச் சொன்னார். "தடவாதீர்கள் அண்ணா, இந்தத் தோல் தாங்காது. ஒரு கை தலையில், ஒரு கை பாதத்தில். அசைக்காமல் வைத்திருங்கள்." வைத்தேன். என் உள்ளங்கைக்குள் அவள் தலை முழுவதும் அடங்கிவிட்டது. திரையில் 88க்கும் 90க்கும் நடுவே தத்தளித்த ஆக்சிஜன் அளவு மெல்ல 95க்கு ஏறி நின்றது.

மறுநாளிலிருந்து மகள் என் மனைவியின் நெஞ்சோடு, மனைவி களைத்தால் என் நெஞ்சோடு. தொப்பியும் டயப்பரும் மட்டும்தான் மகளுக்கு உடை. "அடைக்கோழி மாதிரி உட்கார்ந்திருக்கிறாயே கண்ணு" என்று அம்மா கண் கலங்கினார்.

இதற்குப் பெயர் கங்காரு பராமரிப்பு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் டாக்டர் எட்கர் ரே தொடங்கியது. பிறந்தவுடனேயே ஆரம்பித்து, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை வைத்திருக்கலாம் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்துவிட்டது. தானாக மூச்சுவிட முடியாத, ரத்த ஓட்டம் குன்றி 'ஷாக்' நிலையில் இருக்கும், அல்லது வென்டிலேட்டர் தேவைப்படும் குழந்தைகள் மட்டும் விதிவிலக்கு. என் மகளுக்கு வென்டிலேட்டர் தேவைப்படவே இல்லை.

உங்களில் யாராவது இப்போது அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்றால், எப்போது தொடலாம் என்று இன்றே டாக்டரிடம் கேளுங்கள்.