புகையும் இல்லை, இலையும் இல்லை

அதை நான் பென் டிரைவ் என்றுதான் நினைத்தேன். பள்ளி நூலகத்தில் மூன்றாம் எண் கணினியின் பின்பக்கம், யூஎஸ்பி துளையில் செருகியபடியே யாரோ விட்டுப் போயிருந்தார்கள். விரல் நீளம், கருநீல நிறம், நடுவில் ஒரு பொட்டு விளக்கு. மறதிக்காரப் பிள்ளைகளுக்காக என் மேசையில் ஓர் இழுப்பறை ஒதுக்கி வைத்திருக்கிறேன். அழிப்பான்கள், ஒற்றைக் கம்மல், கண்ணாடிக் கூடு என்று எல்லாம் அதில் கிடக்கும். இதையும் அதில் போட்டு, "கணினி 3, செவ்வாய்" என்று சீட்டும் ஒட்டினேன். நான்கு நாள் கிடந்தது. யாரும் தேடி வரவில்லை. பென் டிரைவைத் தொலைத்த பிள்ளை அரை மணி நேரத்தில் கண் கலங்க வந்து நிற்கும் என்பது என் பதினெட்டு வருட அனுபவம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் உடற்கல்வி ஆசிரியர் ஸ்டேப்ளர் தேடி அந்த இழுப்பறையைத் திறந்தார். எடுத்துப் பார்த்தார், முகர்ந்தார். "மேடம், இது வேப், பேட்டரியில் ஓடும் மின்-சிகரெட். இதையா பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்கள்?" என்றார். பள்ளி மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றி, சீட்டும் ஒட்டி, நான்கு நாள் காவல் காத்திருக்கிறேன். இப்போது சிரிக்கிறேன். அன்றைக்கு முகம் எரிந்தது.

அடுத்து நடந்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம். பைகளைச் சோதித்தோம். கழிப்பறை வாசலில் ஆள் நிறுத்தினோம். எல்லாரையும் மைதானத்தில் நிற்கவைத்துச் சொற்பொழிவு செய்தோம். பிடிபட்ட இரண்டு பேரை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினோம். பகல் முழுக்க வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? கருகிய நுரையீரல் படம் ஒன்றை ஆளுயரத்துக்கு அச்சடித்து நூலக வாசலில் ஆணியடித்து மாட்டினார்கள். முதல் நாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். மூன்றாம் நாள் காலையில் அந்த நுரையீரலுக்கு யாரோ மீசை வரைந்திருந்தார்கள். நன்றாகவே வரைந்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மீசையைப் பார்த்தபிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நூலகத்தில் புத்தகப் பரிந்துரைக்கு என்று ஒரு மரப்பெட்டி உண்டு. அதன் மேல் ஒரு தாளை ஒட்டினேன்: "வேப், சிகரெட், புகையிலை பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். பெயர் வேண்டாம்." வெள்ளிக்கிழமை திறந்தபோது முப்பதுக்கு மேல் சீட்டுகள். பாதி கிண்டல். ஒன்றில் என் படம், வாயில் வேப்புடன். மீதியை அன்றிரவு வீட்டில் பரப்பி வைத்துப் படித்தேன். மூன்று மட்டும் இன்னும் என் பர்ஸில் இருக்கின்றன.

முதலாவது: "இதில் புகையும் இல்லை, இலையும் இல்லை. பிறகு ஏன் புகையிலையோடு சேர்க்கிறீர்கள்?"

இரண்டாவது: "நிக்கோடின் இல்லை என்று அட்டையில் போட்டிருந்தால் நம்பலாமா?"

மூன்றாவது, கோடு போட்ட தாளைக் கச்சிதமாகக் கிழித்து எழுதியது: "எட்டு மாதமாகிறது. அம்மாவுக்குத் தெரியாமல் நிறுத்த வழி இருக்கிறதா?"

கையெழுத்தை வைத்து அது யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். இரவல் பதிவேட்டில் ஒவ்வொருவரும் தங்கள் கைப்படத்தான் எழுதுகிறார்கள். பதிவேட்டைத் திறக்கவில்லை. இந்த விஷயத்தில் நான் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்படித்தான் எங்கள் புதன்கிழமைக் கூட்டம் தொடங்கியது. நான், உடற்கல்வி ஆசிரியர், இயற்பியல் ஆசிரியை, செவிலியராக வேலை பார்க்கும் ஒரு மாணவியின் தாய், பதினோராம் வகுப்பு மாணவர்கள் இரண்டு பேர், பிறகு பள்ளிப் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்ற ஓட்டுநர் ஐயா. முப்பத்தைந்து வருடம் புகைத்து, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபிறகு விட்டவர். அமைப்பு, தலைவர், செயலாளர் என்றெல்லாம் எதுவும் இல்லை. சீட்டுகளைப் படிப்போம், பதில் எழுதி வாசலில் ஒட்டுவோம், அவ்வளவுதான்.

முதல் கேள்விக்கு இயற்பியல் ஆசிரியை பதில் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. பிடிபட்ட கருவிகளில் ஒன்றைக் கையுறை போட்டுக்கொண்டு பிள்ளைகள் முன்னால் பிரித்தார். லித்தியம் பேட்டரியைத் தனியாக எடுத்துப் பத்திரமாக வைத்தார். மிச்சம் இருந்தது மயிரிழை போன்ற ஒரு கம்பிச் சுருள், அதற்குள் நனைந்த ஒரு துண்டுப் பஞ்சு, கொஞ்சம் மஞ்சள் திரவம். உறிஞ்சும்போது சுருள் சூடாகும், பஞ்சில் இருக்கும் திரவம் பொங்கும். வெளியே வருவது நீராவி அல்ல, நுண்துளிகள் மிதக்கும் ஒருவகை மூடுபனி. அதில் பிராப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள்கள், சுருளிலிருந்து கழன்ற நிக்கல், குரோமியத் துணுக்குகள், இவற்றோடு நிக்கோடினும் இருக்கும். அந்த நிக்கோடின் பெரும்பாலும் புகையிலைச் செடியிலிருந்து எடுத்தது. ஆக, இலை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. இதற்கு "ஆவி" என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. ஜலதோஷத்துக்குப் பிடிப்பதும் ஆவி, இதுவும் ஆவி என்றால் எந்தப் பிள்ளை பயப்படும்?

இரண்டாம் கேள்விக்கு ஒரு வரிப் பதில்தான்: நம்ப வேண்டாம். நிக்கோடின் இல்லை என்று அட்டையில் போட்ட திரவங்களிலும் நிக்கோடின் இருந்ததை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

ஒரு பையன் எழுந்து, "சிகரெட் இழுத்தால் இருமல் வருகிறது, இதில் வரவில்லையே, அப்படியென்றால் இது மென்மையானதுதானே?" என்று கேட்டான். அதிலேயே சூட்சுமம் இருக்கிறது. நிக்கோடினை அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கினால் தொண்டையில் காரல் குறையும், அதிக அளவை அலட்சியமாக இழுக்கலாம். 2015-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த, பென் டிரைவ் போலவே இருந்த கருவி இந்த முறையில்தான் பிள்ளைகளிடையே பரவியது. முதல் சிகரெட்டில் வரும் இருமல், உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையின் வாயைப் பொத்திவிட்டார்கள் என்று ஆசிரியை சொன்னார். அன்று யாரும் மீசை வரையவில்லை.

ஓட்டுநர் ஐயாவுக்கு வேறொரு விஷயம் ஆத்திரமூட்டியது. தினமும் புகைக்கும் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேர் பதினெட்டு வயதுக்குள் முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள் என்று 2012-ல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை சொன்னதைப் படித்துக் காட்டினேன். "நான் பதினைந்து" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நானாகத்தான் தொடங்கினேன் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன், அம்மா" என்றார். இன்றைய இளைஞன் நாளைய வாடிக்கையாளன் என்ற பொருளில் சிகரெட் நிறுவனத்தார் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகள் வழக்குகளின் மூலம் வெளியே வந்து எத்தனையோ வருடங்களாகின்றன. அவருக்கு அது அன்றுதான் தெரிந்தது.

1998-ல் புளோரிடா மாநிலம் இந்த ஆத்திரத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டது. சிகரெட் நிறுவனங்களிடமிருந்து வழக்கில் கிடைத்த பணத்தில் நடந்த பிரசாரம் அது. பதின்வயதினரே உட்கார்ந்து அதன் வடிவத்தைத் தீர்மானித்தார்கள். நுரையீரல் படம் காட்டவில்லை, "உங்களை ஏமாற்றுகிறார்கள்" என்றார்கள். இரண்டே வருடத்தில் நடுநிலைப் பள்ளிகளில் புகைப்பவர்கள் 18.5 விழுக்காட்டிலிருந்து 11.1 ஆகக் குறைந்தார்கள். அதே காலத்தில் ஒரு சிகரெட் நிறுவனமும் "யோசி, புகைக்காதே" என்று பிள்ளைகளுக்கு உபதேச விளம்பரம் எடுத்தது. அதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தத் தொழில்மேல் நல்லெண்ணம் கூடியதுதான் மிச்சம் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அந்த விளம்பரத்துக்கும் எங்கள் மைதானச் சொற்பொழிவுக்கும் தொனியில் பெரிய வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பதினோராம் வகுப்பு மாணவர்கள் இருவரும் வேறு வேலையை எடுத்துக்கொண்டார்கள். தையல் டேப் ஒன்றுடன் பள்ளியைச் சுற்றியிருந்த தெருக்களில் நடந்தார்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள், அதாவது ஒரு சிறு பிள்ளையின் கண் மட்டத்தில், புகையிலை விளம்பரமோ பெட்டியோ எங்கெங்கே தெரிகிறது என்று குறித்தார்கள். வயது கேட்டார்களா, பக்கத்தில் மிட்டாய் இருந்ததா என்பதும் குறிப்பில் உண்டு. கையால் வரைந்த வரைபடத்தைப் பார்த்த பெற்றோர்கள் வாயடைத்துப் போனார்கள். தினமும் அதே வழியில்தான் அவர்களும் போய் வருகிறார்கள். அவர்கள் கண் வேறு உயரத்தில் இருக்கிறது. 2005-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் 16-ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. வயது வராதவர்களுக்கு விற்கக் கூடாது, பிள்ளைகளைக் கவரும்படி சிகரெட் வடிவத்தில் மிட்டாயோ பொம்மையோகூடச் செய்ய விடக் கூடாது. வரைபடத்தை எடுத்துக்கொண்டு பெற்றோர்கள் கடைக்காரர்களிடம் போனார்கள். சிலர் பெட்டிகளை உள்ளே நகர்த்தினார்கள். சிலர் "உங்கள் பிள்ளையை நீங்கள் பாருங்கள்" என்றார்கள். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்றாவது சீட்டுக்கு வருகிறேன். பதிலைச் செவிலியர் அம்மா எழுதினார். "முடியும். ஆனால் ஒரு பெரியவருக்காவது தெரிந்தால் சுலபம். அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முதல் மூன்று நாள் மிகவும் கடினம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும், படிப்பில் மனம் நிற்காது. ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்குக் கையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்." கீழே நான் ஒரு வரி சேர்த்தேன்: "வேலை இல்லாவிட்டால் நூலகத்துக்கு வா. அடுக்க வேண்டிய புத்தகங்கள் நிறைய இருக்கின்றன."

அடுத்த வாரம் இடைவேளைகளில் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் வரத் தொடங்கினான். "மேடம், அடுக்க ஏதாவது இருக்கிறதா?" என்பான். நான் கேள்வி கேட்கவில்லை. 500-ஆம் வரிசையிலிருந்து, அதாவது அறிவியலிலிருந்து தொடங்கினான். முதுகு எண்களைத் தசமப் புள்ளி வரை பார்த்து, 523.4-க்கு அப்புறம் 523.45 என்று விரலால் தடவித் தடவி அடுக்குவான். சில நாள் கை நடுங்கும். ஒரு நாள் புத்தகத்தைப் பொத்தென்று போட்டுவிட்டு, "இதை யார் இப்படிக் கலைத்து வைப்பது?" என்று கத்தினான். அது மூன்றாம் நாளா, முப்பதாம் நாளா என்று எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் வராமல் இருந்தான். பிறகு வந்து, "மறுபடி முதலிலிருந்து, மேடம்" என்றான். புத்தகங்களைச் சொல்கிறானோ என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தப் பருவத்தில் எங்கள் அறிவியல் வரிசை இருந்த ஒழுங்கில் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பிறகும் இல்லை.

அவனைப் பார்த்துத்தான் சாயங்காலம் ஆறு மணி வரை நூலகத்தைத் திறந்துவைக்க அனுமதி கேட்டேன். பள்ளி விட்ட பிறகு, பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும் வரை இருக்கும் நேரம்தான் பிள்ளைகள் கழிப்பறைக்குப் பின்னால் ஒதுங்கும் நேரம். ஐஸ்லாந்து கண்டுகொண்டதும் இதைத்தான். 1998-ல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 23 விழுக்காட்டினர் தினமும் புகைத்தார்கள். 2016-ல் அது 3 விழுக்காடு. பள்ளிதோறும் பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள், முடிவுகளை அந்தந்தப் பகுதிப் பெற்றோர்கள் கையிலேயே கொடுத்தார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் அரசுப் பணம் போனது. இரவில் பிள்ளைகள் எத்தனை மணி வரை வெளியே இருக்கலாம் என்பதற்குச் சட்டமே வைத்தார்கள். விளம்பரத் தடையும் கூட இருந்தது, ஆகவே பெருமை முழுவதையும் ஒன்றுக்கே கொடுக்க முடியாது. ஆனால் சாயங்காலத்தை நிரப்பு என்ற ஒரு விஷயம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது ஓட்டுநர் ஐயா தினமும் நாலரை மணிக்குச் சதுரங்கப் பலகையுடன் வந்துவிடுகிறார். மோசமாக ஆடுவார். தோற்கும்போதெல்லாம் தான் சிகரெட்டை எத்தனை முறை விட்டுத் தோற்றார் என்று ஒரு கதை சொல்வார். பதினோரு முறை. பன்னிரண்டாவதில் விட்டது. பிள்ளைகள் கதை கேட்பதற்காகவே அவரைத் தோற்கடிக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். நுரையீரல் படத்தைக் கழற்றிவிட்டோம். அந்த ஆணியில் அவர் தன் குடையை மாட்டுகிறார்.

கழிப்பறையில் இன்னும் பழ வாசனை வருகிறது, போன மாதம் ஒரு கருவி அகப்பட்டது. அகப்பட்டவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. செவிலியர் அம்மா அவளோடு மருத்துவமனைக்குப் போய் வருகிறார். பத்தாம் வகுப்புப் பையன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு; நூலகத்துக்கு வருவதே அபூர்வம். அறிவியல் வரிசை மறுபடி கலைந்து கிடக்கிறது. அதை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை பெட்டியில் நான்கு சீட்டுகள். இரண்டில் காமிக்ஸ் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று வெற்றுத் தாள். நான்காவது பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில், ஆறாம் வகுப்பாக இருக்கும்: "அண்ணன் விடமாட்டேன் என்கிறான். நான் அவனோடு பேசாமல் இருக்கலாமா?" புதன்கிழமை வரை பொறுக்க மாட்டேன் என்று அந்தச் சீட்டை ஓட்டுநர் ஐயா வாங்கிப் போயிருக்கிறார்.