தனிமடல்களைப் பத்திரப்படுத்துதல்: எச்டிடிராக் கொண்டு செய்து பார்த்தது

சிற்றலை வானொலி கேட்பவர்களுக்கென்று 2000களின் தொடக்கத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்த தமிழ்த் தளம் ஒன்றை மூடப்போகிறார்கள். அங்கே பொதுவில் எழுதியவற்றில் பெரும்பகுதி, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேர்த்துவைக்கும் வேபேக் மெஷினில் கிடைக்கிறது. தனிமடல்கள் அப்படிக் கிடைக்காது. கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனால்தான் தெரியும் பக்கங்களை வேபேக் மெஷின் எடுப்பதில்லை. எங்கள் தளத்திலோ, உருப்படியான விஷயமெல்லாம் தனிமடலில்தான் நடந்தது. எந்த ஆன்டெனாவுக்கு எவ்வளவு கம்பி, வெரித்தாஸ் வானொலி எந்த நேரத்தில் தெளிவாக விழுந்தது, வாடிகன் வானொலிக்கு எழுதிப்போட்ட அறிக்கைக்கு, கேட்டதை உறுதிசெய்து நிலையம் அனுப்பும் கியூஎஸ்எல் அட்டை வந்ததா, 2017 ஏப்ரல் 30 அன்று பிபிசி தமிழோசை சிற்றலையில் ஒலிப்பது நின்றபோது யார் யார் கடைசிவரை கேட்டார்கள். இதையெல்லாம் நாங்கள் வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. அதனால் இவற்றை எடுத்து வைத்தே தீரவேண்டும் என்று உட்கார்ந்தேன்.

எங்களுடையது போன்ற கருத்துக்களங்களை நடத்தும் சில மென்பொருள்களில் மடல்களை மொத்தமாக இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கும். விபுல்லட்டினில் எக்ஸ்எம்எல், சிஎஸ்வி, வெறும் உரை என மூன்று வகையிலும் கிடைக்கும். முதலில் அதைத் தேடிப் பார்ப்பதுதான் நல்லது. எங்கள் தளம் ஓடுவது பிஎச்பிபிபி என்ற மென்பொருளில். அதன் மூன்றாம் பதிப்பிலும் இப்படி ஒரு வசதி உண்டு, ஆனால் எங்கள் தளத்தில் அது எனக்குத் தென்படவில்லை. ஒவ்வொரு மடலாகத் திறந்து சேமிக்கலாம்தான், ஆனால் பதினைந்து வருஷத்து மடல்களுக்கு அது ஆகிற காரியமில்லை. ஆகவே எச்டிடிராக்.

பிரெஞ்சு நிரலாளர் சேவியர் ரோஷ் 1998இல் வெளியிட்ட இலவசக் கருவி இது. ஒரு பக்கத்தைக் கொடுத்தால் அதிலுள்ள சுட்டிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, தளத்தை நம் கணினியில் அப்படியே நகலெடுத்துத் தரும். அது போகிற இடமெல்லாம் நம் பெயரில்தான் போகிறது. இந்த வேலையின் மொத்தச் சூட்சுமமும் இங்கேதான். உள்நுழைந்தவருக்குத் தெரிவது எல்லாம் அதற்கும் தெரியும். உள்நுழைந்தவர் அழுத்தக்கூடிய சுட்டி எல்லாவற்றையும் அதுவும் அழுத்திப் பார்க்கும். அதனால் எதை எடுக்கவேண்டும் என்று சொல்வதைவிட, எதைத் தொடக்கூடாது என்று சொல்வதில்தான் எனக்கு அதிக நேரம் போனது.

முதல் வேலை குக்கி, அதாவது நம்மை அடையாளம் காண ஒரு தளம் நம் உலாவியில் வைக்கும் சிறு குறிப்பு. உலாவியில் 'என்னை நினைவில் கொள்' என்று டிக் போட்டு உள்நுழைந்து, அந்தத் தளத்தின் குக்கிகளை மட்டும் ஒரு உரைக்கோப்பாக எடுத்து எச்டிடிராக்கின் திட்டக் கோப்புறையில் வைத்தேன். பழைய நெட்ஸ்கேப் காலத்து வடிவம் அது. ஒரு குக்கிக்கு ஒரு வரி, வரிக்கு ஏழு பகுதிகள். பகுதிகளுக்கு நடுவே டேப் இருக்கவேண்டும், வெற்றிடம் போட்டால் படிக்காது. பிஎச்பிபிபி மூன்று குக்கிகள் வைக்கிறது: பயனர் எண், அடுத்த முறை கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடும் நினைவுச் சாவி, இப்போதைய வருகைக்கான அமர்வு எண். பயனர் எண் 1 என்று இருந்தால் அது விருந்தினர், நீங்கள் உள்ளேயே போகவில்லை என்று அர்த்தம். கருவியை ஓடவிடும் முன் இதை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

குக்கி சரியாக இருந்தும் சோதனை ஓட்டத்தில் விருந்தினர் பக்கமே வந்தது. காரணம் சுவாரசியமானது. பிஎச்பிபிபி ஓர் அமர்வை ஏற்கும் முன், அதைத் தொடங்கிய உலாவிதான் இப்போதும் வந்திருக்கிறதா என்று பார்க்கும். எச்டிடிராக் தன்னை விண்டோஸ் 98இல் ஓடும் மொசில்லா 4.5 என்று சொல்லிக்கொண்டு போகிறது. அமைப்புகளில் உலாவி அடையாளம் என்ற இடத்தில் என் ஃபயர்ஃபாக்ஸின் அடையாள வரியை எழுத்துப் பிசகாமல் ஒட்டியதும் கதவு திறந்தது. ஐபி முகவரியின் முதல் மூன்று பகுதிகளையும் பிஎச்பிபிபி வழக்கமாகச் சரிபார்க்கும். ஆகவே பாதியில் வீட்டு வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறாதீர்கள்.

அடுத்தது ஃபில்டர், எதை எடுப்பது எதை விடுவது என்று கருவிக்குச் சொல்லும் விதிகள். பிஎச்பிபிபியின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'வெளியேறு' சுட்டி இருக்கிறது, அதில் நம் அமர்வு எண்ணும் சேர்ந்தே இருக்கிறது. கருவி அதைத் தொட்ட நொடியில் அமர்வு முடிந்துவிடும். அதற்கப்புறம் இறங்குவதெல்லாம் 'உள்நுழைக' பக்கங்கள். எச்டிடிராக்கில் ஒன்றுக்கொன்று முரணான விதிகள் இருந்தால் கடைசியில் எழுதியதுதான் செல்லும். அதனால் இந்த வரிசையில் எழுதினேன். முதல் வரி, எதையும் எடுக்காதே. இரண்டாவது, தனிமடல் பகுதியின் முகவரிகளை எடு. மூன்றாவது, பக்கம் ஒழுங்காகத் தெரிய வேண்டிய பாணிக் கோப்புகளையும் மடலோடு வந்த இணைப்புகளையும் எடு. அதற்குக் கீழே தடைகள்: வெளியேறும் முகவரி, புது மடல் எழுதும் முகவரி. பதிலெழுத, மேற்கோள் காட்ட, முன்னனுப்ப என்று ஒவ்வொரு மடலின் கீழும் இருக்கும் பொத்தான்கள் எல்லாம் இந்தக் கடைசித் தடையிலேயே அடங்கிவிடுகின்றன. இல்லையென்றால் ஒரு மடலுக்கு நாலைந்து வெற்றுப் படிவங்கள் வந்து குவியும்.

படிக்காத மடல்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கருவி திறந்தாலும் திறந்தது திறந்ததுதான். அதுவரை அனுப்பியவரின் வெளிச்செல் பெட்டியில் நின்றிருந்த மடல், அனுப்பியவை பெட்டிக்கு நகர்ந்துவிடும். நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

வேகத்தை வேண்டுமென்றே குறைத்தேன். ஒரே நேரத்தில் ஒரே இணைப்பு போதும். தளத்தின் சர்வருக்கு ஒருவர் கைக்காசு போட்டுக்கொண்டிருக்கிறார், மூடும் நேரத்தில் அவர் தலையில் இன்னும் சுமை ஏற்றுவது நியாயமில்லை. தானியங்கிகள் நுழையக்கூடாத இடங்களைச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பை எச்டிடிராக் இயல்பாகவே மதிக்கும். எங்கள் தளத்தில் மடல் பகுதி அந்தப் பட்டியலில் இருந்தது. நிர்வாகியிடம் கேட்டேன். "உங்க பெட்டியை நீங்க எடுக்கிறதுக்கு என்ன, தாராளமா எடுங்க" என்றார். அதன் பிறகே அந்தத் தடையை நீக்கினேன்.

இறங்கி முடிந்ததும் நேராகப் படிக்க உட்காராமல் கோப்புகளை அளவு வாரியாக அடுக்கிப் பாருங்கள். ஒரே அளவில் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருந்தால் அவை மடல்களே அல்ல, உள்நுழைவுப் பக்கங்கள். என்னுடையதில் அளவுகள் நன்றாகச் சிதறி இருந்தன. பெட்டியில் காட்டிய எண்ணிக்கையும் ஒத்துப்போனது. கோப்புப் பெயர்கள்தான் தொல்லை. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை எச்டிடிராக் நான்கு குறிகளாகச் சுருக்கிப் பெயரோடு ஒட்டிவிடுகிறது. பெயரைப் பார்த்து எது முந்தியது எது பிந்தியது என்று சொல்லமுடியாது. மடலுக்குள் இருக்கும் தேதியை எடுத்துப் பெயரில் சேர்க்க ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதிக்கொண்டேன்.

நான் அதிக அக்கறையோடு செய்தது பழைய மடல்களைத்தான். தளம் பிஎச்பிபிபியின் இரண்டாம் பதிப்பில் தொடங்கியது, அப்போது எல்லோரும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துக் குறியீடான டிஸ்கியில் தட்டினோம். 2007 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பு முழுக்க யூனிகோடு. மாற்றும்போது டிஸ்கி எழுத்துகளை ஐரோப்பிய எழுத்துகள் என்று எண்ணி மாற்றியிருக்கிறார்கள். ஆகவே அந்தக் கால மடல்கள் எல்லாம் மேலே புள்ளியும் கோடும் வைத்த லத்தீன் எழுத்துகளாகத் தெரிகின்றன. இதைச் சீராக்க இரண்டு படிகள் வேண்டும். முதலில் அந்த எழுத்துகளைத் திரும்பப் பழைய பைட்டுகளாக்க வேண்டும், பிறகு டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்குக் கொண்டுபோக வேண்டும். டிஸ்கியில் கொம்பு, கண்ணில் தெரிகிறபடி மெய்க்கு முன்னால் இருக்கும். யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். 'கொ' போன்றவற்றில் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கவேண்டும். மூலக் கோப்புகளைத் தொடாமல், நகலில்தான் இந்த மாற்றத்தைச் செய்தேன்.

முதலில் சரியாக வந்த மடல் 31 மீட்டர் பேண்டுக்கான டைபோல், அதாவது நடுவிலிருந்து இரு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனாவின் கணக்கு. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும், 9.5 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 15 மீட்டர், பக்கத்துக்கு ஏழரை. கீழே, அந்தக் கம்பியில் கேட்டதற்கு, ஒலிபரப்பு எவ்வளவு தெளிவாக விழுந்தது என்று ஐந்து இலக்கத்தில் சொல்லும் சின்போ முறையில் 45333 என்று மதிப்பெண். எழுதியவர் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர். அந்த ஆன்டெனாவை நான் இன்றும் மொட்டைமாடியில் வைத்திருக்கிறேன்.

மடல்களில் பாதி அவர் எழுதியவை என்பதால் அவரைக் கூப்பிட்டேன். "அண்ணாச்சி, நம்ம மடலையெல்லாம் எடுத்து வச்சிருக்கேன். உங்களுக்குச் சம்மதம்தானே?" என்றேன். "எடுத்து வை தம்பி, ஆனா வீட்டு விஷயம் பேசினது யார் கண்ணுலயும் படக்கூடாது" என்றார். அதனால் மொத்தத்தையும் செவன்ஜிப் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் ஏஇஎஸ் 256 மறையாக்கப் பூட்டுப் போட்டு, கோப்புப் பெயர்களும் தெரியாதபடி கட்டினேன். அதற்கு முன் குக்கிக் கோப்பை அழித்துவிட்டேன். அது கிடைத்தவர் கடவுச்சொல் இல்லாமலே உங்கள் கணக்கில் நுழையலாம். தளத்தின் கடவுச்சொல்லையும் மாற்றினேன், அதோடு பழைய நினைவுச் சாவியும் செல்லாமல் போய்விட்டது. எச்டிடிராக் தனக்கென்று ஒரு கேஷ் கோப்புறை வைத்துக்கொள்கிறது, இறங்கிய பக்கங்களின் நகல் அதிலும் இருக்கும். அதையும் வெளியே விட்டுவைக்கக் கூடாது.

இன்னும் பாக்கி இருப்பது படங்கள். மடலோடு இணைத்த ஒலித்துண்டுகள் நன்றாக வந்துவிட்டன. வெளித் தளங்களில் ஏற்றி இங்கே சுட்டி மட்டும் கொடுத்த கியூஎஸ்எல் அட்டைப் படங்களில் பாதிக்கு மேல் இப்போது எங்குமே இல்லை, எந்தக் கருவியாலும் அவற்றை எடுக்கமுடியாது. மூலப் படங்கள் தன் பழைய கணினியில் இருக்கும் என்கிறார் அண்ணாச்சி. அந்த வன்தட்டு இன்னும் சுழல்கிறதா என்று அடுத்த வாரம் அவர் வீட்டில் பார்க்கப்போகிறோம்.