அரசு வழக்கு நடத்துநர் தேர்வு: கடமை பற்றிய பகுதியை எப்படிப் படிக்கலாம்?

உதவி அரசு வழக்கு நடத்துநர் தேர்வுக்குப் படிக்கும் பலர், 'அரசுத் தரப்பு வழக்கறிஞரின் கடமைகள்' என்ற தலைப்பை ஒரு பக்கக் குறிப்போடு மூடிவைத்துவிடுகிறார்கள். பிரிவுகளை மனப்பாடம் செய்யவே நேரம் போதவில்லை என்பது நியாயம்தான். ஆனாலும் நேர்முகத் தேர்வில் ஆளை எடைபோட இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

சட்டத்தை முதலில் முடித்துவிடுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ்.ஸில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 18 முதல் 20 வரையுள்ள பிரிவுகள் அரசு வழக்கறிஞர்களின் நியமனமும் அவர்களுக்கான இயக்குநரகமும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஆவண நகல் தருவது 230, வழக்கை வாபஸ் பெறுவது 360. பழைய சட்டத்தின் பிரிவு எண்களையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள், பழைய தீர்ப்புகளில் அவைதான் இருக்கும். அப்புறம், பார் கவுன்சில் விதிகளில் 16-வது விதி. நிரபராதி தண்டிக்கப்படும்படி அரசுத் தரப்பு வழக்கை நடத்தக் கூடாது, அவரது குற்றமின்மையைக் காட்டக்கூடிய ஆதாரத்தை மறைக்கவே கூடாது என்கிறது. இந்த ஒரு விதியை நன்றாகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்து உட்காரும்.

தீர்ப்புகளில் மூன்று போதும் என்பேன். எப்படியாவது தண்டனை வாங்கிவிட வேண்டும் என்ற வெறி அரசு வழக்கறிஞருக்கு இருக்கக் கூடாது என்று சொன்ன சிவகுமார் எதிர் ஹுகம் சந்த் (1999), ஆவணங்களை எதிர்த்தரப்புக்குத் தருவதை நியாயமான விசாரணையோடு சேர்த்துப் பேசிய மனு சர்மா (2010), கேரள சட்டமன்ற ரகளை வழக்கை வாபஸ் பெற அனுமதி மறுத்த கேரள அரசு எதிர் அஜித் (2021).

அடுத்தது கோர்ட்டுக்குப் போவது. வடசென்னைக்காரர்களுக்கு இது பெரிய வசதி. தண்டையார்பேட்டை, ராயபுரத்திலிருந்து பாரிமுனைக்கு பஸ் ஏறினால் ஜார்ஜ் டவுன் நீதிமன்றம். குற்ற விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கிறது; பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து பார்க்கலாம்.

அங்கே ஒரு அடிதடி வழக்கில் டாக்டரை விசாரித்ததைப் பார்த்தேன். எஃப்.ஐ.ஆரில் தெரிந்த இரண்டு பேரின் பெயர் இருந்தது. காயம்பட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போனவுடன் எழுதப்பட்ட ஏ.ஆர். காப்பியிலோ (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) 'தெரியாத நபர்கள் அடித்ததாக' என்று இருந்தது. வழக்கை நடத்திய அம்மா காயங்களை மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவரே அந்த வரியை, குறுக்கு விசாரணைக்கு முன் தான் நடத்திய முதல் விசாரணையில் டாக்டரைப் படிக்கச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணைக்காகக் குறித்து வைத்திருந்ததை மடித்து வைத்துவிட்டார். பின்னால் புலனாய்வு அதிகாரியிடமும் அதே முரண்பாட்டுக்கு விளக்கம் கேட்டார் அந்த அம்மா. வழக்கின் பலவீனத்தை நீதிமன்றத்தின் முன் தானே எடுத்து வைக்கும் தைரியத்தை எந்த கைடிலும் நான் படித்ததில்லை.

அதனால் விடை எழுதும்போது 'அரசு வழக்கறிஞர் நேர்மையாக இருக்க வேண்டும்' என்று பொதுவாக நீட்டாதீர்கள். ஏ.ஆர். காப்பியில் முரண்பாடு வந்தால், சாட்சி பிறழ்ந்தால், போலீஸ் தங்களுக்குச் சாதகமில்லாத ஆவணத்தைக் கோப்பில் சேர்க்காமல் விட்டால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். நேர்முகத் தேர்வில், 'ஆள் குற்றவாளிதான் என்று உங்களுக்கே தோன்றுகிறது, ஆனால் அவருக்குச் சாதகமான ஆவணம் உங்கள் கையில் இருக்கிறது' என்று கேட்டால், கொடுத்துவிடுவேன் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, 16-வது விதியைப் பிறகு சொல்லுங்கள்.