மாடிப்படியில தொங்கின ரெண்டு மைக்

நேத்து ராத்திரி ஹெட்போன்ல இங்கிலாந்து ராக் பேண்ட் லெட் செப்பெலினோட 'வென் தி லெவி பிரேக்ஸ்' (ஆத்துக் கரை உடையும்போதுன்னு அர்த்தம்) மறுபடியும் கேட்டேன், அந்த முதல் டிரம்ஸ் அடி விழுந்ததும் இப்பவும் உடம்பு சிலிர்க்குது.

1971ல வந்த நாலாவது ஆல்பத்தோட கடைசிப் பாட்டு. இங்கிலாந்துல ஹாம்ப்ஷயர் பக்கம் ஹெட்லி கிரேஞ்ச்னு ஒரு பழைய கட்டடம், ஒரு காலத்துல ஏழைங்கள தங்க வச்சு வேலை வாங்கின இடம், அங்க ரோலிங் ஸ்டோன்ஸோட மொபைல் ஸ்டுடியோ வண்டிய கொண்டுவந்து நிறுத்திட்டு, டிரம்மர் ஜான் போனமோட டிரம் செட்ட ஹால்ல மாடிப்படிக்குக் கீழ போட்டாங்க. சவுண்ட் என்ஜினியர் ஆண்டி ஜான்ஸ் என்ன பண்ணாருன்னா, ரெண்டே ரெண்டு ரிப்பன் மைக்க (உள்ள மெல்லிய உலோகப் பட்டை வச்ச மைக்) மேல படிக்கட்டுலேர்ந்து தொங்கவிட்டாரு, அதுல வந்த சத்தத்த நல்லா கம்ப்ரஸ் பண்ணி, அதாவது ஏத்த இறக்கத்த அமுக்கி, பின்சன் எக்கோ மெஷின் வழியா விட்டாரு, அவ்ளோதான்! நம்ம காதுல விழறது டிரம்ஸ் மட்டுமில்ல, அந்த வீட்டோட சுவரு, கூரை, காத்து எல்லாமே.

புரொடியூசர் கிதாரிஸ்ட் ஜிம்மி பேஜ்தான். மைக்க தள்ளி வச்சாதான் சத்தத்துக்கு ஆழம் வரும்னு விடாப்பிடியா நின்ன மனுஷன். பாடகர் ராபர்ட் பிளான்ட்டோட மவுத் ஆர்கன கவனிச்சுக் கேளுங்க, அதுல பேஜ் ரிவர்ஸ் எக்கோ போட்டிருக்கார், அதாவது எக்கோ முன்னாடி வரும், வாசிப்பு அதுக்குப் பின்னாடி வரும். டேப்ப திருப்பிப் போட்டு செஞ்ச வேலை, கம்ப்யூட்டர்லாம் இல்லாத காலம்!

பாட்டோட வேர் 1929ல மெம்ஃபிஸ் மின்னியும் கன்சாஸ் ஜோ மெக்காயும் சேர்ந்து ரெக்கார்ட் பண்ணின ப்ளூஸ் பாட்டு, 1927 மிசிசிப்பி வெள்ளத்தப் பத்தினது. முடிஞ்சா ஹெட்போன்ல கேளுங்க, போன் ஸ்பீக்கர்ல வேணாம்.